பட்டமும் வேலையும்: பாடத்திட்டம் வகுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேதியியல் கற்பித்துக்கொண்டே பல வருடங்களாகப் பாடத்திட்டக் குழுக்களிலும் உட்கார்ந்து வருகிறேன். துறைத்தலைவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், மாணவர்கள், பெற்றோர் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது, சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

‘வேலைத்திறன் உள்ள பட்டதாரி’ என்றால் யார்? படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்தவரா?

இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. வேலை கிடைப்பது மாணவர் கையில் மட்டும் இல்லை. பொருளாதாரம் சுருங்கிய வருடத்தில் நல்ல மாணவரும் காத்திருப்பார். குடும்பத்துக்கு நாலு பேரைத் தெரிந்திருந்தால் சுமாரான மாணவரும் சீக்கிரம் உள்ளே போய்விடுவார். அதனால் பிளேஸ்மென்ட் சதவீதத்தை வைத்து மட்டும் ஒரு பாடத்திட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது.

1998-ல் ஜிம் ஹில்லேஜ், எம்மா பொல்லார்ட் என்ற இரண்டு பிரிட்டன் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு எளிய விளக்கம் கொடுத்தார்கள். முதல் வேலையைப் பெறுவது, அதில் நிலைத்து நிற்பது, தேவைப்பட்டால் வேறு வேலைக்கு மாறுவது ஆகிய மூன்றையும் செய்ய முடிவதே வேலைத்திறன். எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும். முதல் வேலையை மட்டும் குறிவைத்துப் பாடத்திட்டம் போட்டால் மீதி இரண்டும் விட்டுப்போகும் என்பதை இது ஞாபகப்படுத்துகிறது.

பட்டம் வெறும் முத்திரைதானே? உள்ளே என்ன படித்தால் என்ன?

பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி வெகுகாலமாக வாதாடி வருகிறார்கள். கல்வி மனிதரின் உழைப்புத் திறனையே உயர்த்துகிறது என்ற ‘மனித மூலதனம்’ கருத்தை விரிவாக வளர்த்தவர்களில் முக்கியமானவர் கேரி பெக்கர். இது குறித்த அவருடைய நூல் 1964-ல் வந்தது. மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-ல் வேறொரு கோணத்தைக் காட்டினார். வேலை கொடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உண்மையான திறன் தெரியாது, கஷ்டமான படிப்பை முடித்தவர் என்ற அடையாளமே அவருக்குச் சைகையாகிறது என்றார். இருவருக்குமே பின்னால் நோபல் பரிசு கிடைத்தது.

இரண்டிலும் உண்மை இருக்கிறது. நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும் வரை முத்திரை உதவும். உள்ளே உட்கார்ந்த பிறகு, “நீங்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்” என்று கேட்கும்போது படிப்பின் உள்ளடக்கம்தான் பேச வேண்டும். அந்தக் கேள்விக்கு மூன்று வருடம் படித்த ஒருவருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை என்றால் அது அவருடைய குறை மட்டும் இல்லை. அவருக்கு நாம் என்ன செய்யக் கொடுத்தோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதிய பாடத்திட்டம் போடுகிறோம். எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலான குழுக்கள் பழைய பாடத்திட்டத்தை மேசைமேல் வைத்து அலகு அலகாகப் பார்க்கும். ‘இதை வைத்துக்கொள்ளலாம், அதோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம்’ என்றே பேச்சு போகும். அப்படிச் செய்தால் பழையதே கொஞ்சம் தடித்து வெளியே வரும்.

அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949-லேயே வேறு வரிசையைச் சொல்லிவிட்டார். முதலில் நோக்கம் என்ன, அதற்கு எந்த அனுபவங்களைத் தர வேண்டும், அவற்றை எப்படி அடுக்குவது, நோக்கம் நிறைவேறியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது. இந்த நாலு கேள்வியையும் வரிசை மாறாமல் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். நடைமுறையில் முதல் கேள்வியைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம்.

நோக்கத்தைக் கண்டுபிடிக்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு. படித்து முடித்து இரண்டு முதல் ஐந்து வருடம் ஆன பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூப்பிடுங்கள். “எந்தத் திறன்கள் முக்கியம்?” என்று கேட்க வேண்டாம். அப்படிக் கேட்டால் தொடர்புத்திறன், குழுப்பணி, தலைமைப்பண்பு என்று எல்லோரும் ஒரே பட்டியலைச் சொல்வார்கள். “போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மாலை வரை என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். ஒருவர், “வேறொரு ஆய்வகத்திலிருந்து வந்த முடிவும் எங்கள் முடிவும் ஒத்துப்போகவில்லை, காரணம் தேடிக்கொண்டிருந்தேன்” என்பார். இன்னொருவர், “எட்டுப் பக்க அறிக்கையை மேலதிகாரிக்காக அரைப் பக்கமாகச் சுருக்கினேன்” என்பார். “ஒரு ஆவணத்தை யாரிடம் கேட்பது என்றே தெரியாமல் மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசினேன்” என்று சொன்னவரும் உண்டு. அந்த ஒருநாள் விவரங்களைச் சுவரில் ஒட்டிவைத்து, பக்கத்தில் நம் பாடத்திட்டத்தை வையுங்கள். எங்கே ஓட்டை என்று கண்ணுக்கே தெரியும்.

கற்றல் விளைவுகளை எழுதச் சொல்கிறார்கள். வினைச்சொல் பட்டியலைப் பார்த்து எழுதினால் போதாதா?

பெஞ்சமின் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-ல் வகுத்த கற்றல் நோக்கங்களின் அடுக்குமுறை 2001-ல் திருத்தப்பட்டது. நினைவுகூர்தல், புரிந்துகொள்ளல், பயன்படுத்தல், பகுத்தாய்தல், மதிப்பிடல், உருவாக்கல் என்று அது மேலே போகிறது. ஒவ்வொரு படிக்கும் வினைச்சொல் பட்டியல்கள் சுற்றி வருகின்றன. அதிலிருந்து எடுத்துப் போடுவது சுலபம். ஆனால் ‘மாணவர் புள்ளியியல் முறைகளைப் பகுத்தாய்வார்’ என்று எழுதிவிட்டு, தேர்வில் ‘சராசரியின் வகைகளைப் பட்டியலிடுக’ என்று கேட்டால் அந்த வாக்கியத்துக்கு என்ன மதிப்பு?

நான் ஒரு சோதனை வைத்துக்கொள்வேன். எழுதிய விளைவை வாசித்துவிட்டு, “மாணவர் இதைச் செய்வதை நான் எப்படிக் கண்ணால் பார்ப்பேன்?” என்று கேட்பேன். பதில் வரவில்லை என்றால் திருப்பி எழுதுவேன். ‘ஒழுங்கில்லாமல் வந்த தரவுத் தொகுப்பைச் சுத்தம் செய்து, எந்த மதிப்புகளை ஏன் விட்டோம் என்று எழுத்தில் காரணம் சொல்வார்’ என்று எழுதினால் பார்க்க ஒரு பொருள் கையில் இருக்கும். ஒரு பாடத்துக்கு இப்படி நாலைந்து போதும். பன்னிரண்டு எழுதினால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

எல்லாவற்றையும் மாற்ற நேரமில்லை. ஒன்றை மட்டும் மாற்றலாம் என்றால் எதை மாற்றுவது?

தேர்வை. என் அனுபவத்தில் இதைவிடப் பெரிய நெம்புகோல் வேறில்லை.

மாணவர்கள் படிப்பது பாடத்திட்டத்தை இல்லை, வினாத்தாளைத்தான். கல்வி ஆய்வாளர் ஜான் பிக்ஸ் 1996-ல் இதைத் தெளிவாக விளக்கினார். எதிர்பார்க்கும் விளைவு, வகுப்பில் மாணவர் செய்யும் செயல், மதிப்பீடு மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும் என்றார். ஒன்று மட்டும் வேறுபக்கம் இழுத்தால் மாணவர்கள் மதிப்பீட்டின் பக்கமே போவார்கள். அதில் அவர்கள்மேல் தப்பே இல்லை.

எங்கள் துறையில் நடந்ததைச் சொல்கிறேன். ‘நீரின் கடினத்தன்மையைக் கண்டறியும் முறையை விளக்குக’ என்ற பத்து மதிப்பெண் கேள்வி வருடா வருடம் வரும். மாணவர்களும் அழகாக எழுதுவார்கள். ஈடிடிஏ கரைசல், எரியோக்ரோம் பிளாக் டி, pH என்ற அமில-கார அளவு பத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய காரணம், ஒயின் சிவப்பிலிருந்து நீலத்துக்கு நிறம் மாறுவது எல்லாம் வரிசையாக வரும். ஆய்வக நோட்டிலும் அளவுகள் எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்கும், ஏனென்றால் சரியான விடை என்னவென்று முந்தைய வருட நோட்டில் இருக்கிறது.

ஒரு வருடம் கேள்வியை மாற்றினோம். நாலு அளவீடுகளைக் கொடுத்தோம்: 17.2, 17.3, 19.8, 17.2 மில்லிலிட்டர். கேள்வி இதுதான்: எதைக் கணக்கில் எடுப்பீர்கள், ஏன்? 19.8 எப்படி வந்திருக்கலாம்? இந்த நீரைக் கொதிகலனுக்கு விடலாமா என்று கேட்கும் ஆலைப் பொறுப்பாளருக்கு ஐந்து வரியில் பதில் எழுதவும். அவருக்கு வேதியியல் தெரியாது.

அன்று தேர்வு அறையில் ஒரு அமைதி. முதல் மதிப்பெண் வாங்கும் பலர் வழக்கமான செயல்முறையை முழுதாக எழுதிவிட்டு நிறுத்திவிட்டார்கள். எப்போதும் நடுவில் நிற்கும் ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: “19.8-ஐ விடலாம் என்று தோன்றுகிறது, ஆனால் விடுவதற்கு முன் இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும். நேரம் இல்லாவிட்டால், ஒரு அளவை விட்டிருக்கிறோம் என்பதை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும்.” அந்த விடைத்தாளை இரண்டு மூன்று முறை வாசித்தேன். ஒரு தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் முதல் நாளிலிருந்தே நம்பி வேலை கொடுக்கக்கூடிய மனம் அது. அத்தனை வருடமும் அதைப் பார்க்க நமக்கு ஒரு கேள்விகூட இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

அடுத்த வருடம் ஆய்வகமே மாறியது. விடை தெரியாத மாதிரிகளை வைத்தோம். மாணவர்கள் வகுப்பிலேயே “இந்த அளவு சந்தேகமாக இருக்கிறதே” என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள். பாடத்திட்டத்தின் அலகு ஒன்றுகூட மாறவில்லை. அனுமதிக்காக எந்தக் கோப்பும் மேலே போகவில்லை.

மருத்துவக் கல்வி இதை வெகுகாலம் முன்பே புரிந்துகொண்டது. ரொனால்ட் ஹார்டன் 1975-ல் விவரித்த ஆஸ்கி தேர்வில் மாணவர் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு நகர்ந்து, ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு செயலைச் செய்து காட்ட வேண்டும். ஜார்ஜ் மில்லர் 1990-ல் நாலு படிகளாகப் பிரித்தார்: தெரியும், எப்படி என்று தெரியும், செய்து காட்டுவார், வேலையில் உண்மையாகவே செய்வார். நம் எழுத்துத் தேர்வுகள் முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. இரண்டாவது படிக்கு ஏற நல்ல கேள்வி போதும். மூன்றாவதுக்கு ஒரு மேசையும் இருபது நிமிடமும் வேண்டும்.

மென்திறன்களுக்குத் தனிப் பாடம் வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் பலன் மிகக் குறைவு. மூன்றாம் செமஸ்டரில் இரண்டு கிரெடிட்டுக்கு ‘தொடர்புத்திறன்’ படித்துவிட்டு, அப்புறம் மீதிப் படிப்பு முழுவதும் ஒருவர்முன்னும் வாய் திறக்காமல் போகும் மாணவருக்கு அது எப்படி ஒட்டும்?

பேசுவதும் எழுதுவதும் எதையாவது பற்றித்தான் நடக்கும். கணக்கியல் மாணவர் ஒரு இருப்புநிலைக் குறிப்பைப் பற்றிப் பேச வேண்டும், உயிரியல் மாணவர் ஒரு நுண்ணோக்கிப் படத்தைப் பற்றிப் பேச வேண்டும். முதல் வருடம் பக்கத்தில் இருப்பவருக்கு ஐந்து நிமிடம், இரண்டாம் வருடம் வகுப்புக்குப் பத்து நிமிடம், கடைசி வருடம் துறைக்கு வெளியே இருந்து வந்த ஒருவருக்கு. உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-ல் சொன்ன சுழல் பாடத்திட்டமும் இதே யோசனைதான். ஒரே விஷயத்துக்குத் திரும்பித் திரும்பி வருகிறோம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாக.

இதைச் செய்ய ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டாலே போதும். நெடுக்கில் பாடங்கள், குறுக்கில் திறன்கள். எந்தப் பாடத்தில் எந்தத் திறனை அறிமுகம் செய்கிறோம், எங்கே பயிற்சி தருகிறோம், எங்கே மதிப்பிடுகிறோம் என்று குறிக்க வேண்டும். அறிமுகம் ஏழு இடத்தில் இருக்கும், மதிப்பீடு ஒரு இடத்திலும் இருக்காது. பெரும்பாலான துறைகளில் இந்தக் கட்டம் அப்படித்தான் இருக்கிறது.

குழு புராஜெக்டில் ஒருவர் உழைக்க மற்றவர்கள் மதிப்பெண் வாங்குகிறார்களே?

குழுவுக்கு ஒரே மதிப்பெண் கொடுத்தால் அப்படித்தான் ஆகும். கடைசியில் ஒவ்வொருவரிடமும் தனியாக ஐந்து நிமிடம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு வையுங்கள், அதில் அவர் செய்த பகுதியை விட்டுவிட்டுப் பக்கத்து நண்பர் செய்த பகுதியைக் கேளுங்கள். இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர்கள் ஒருவருக்கொருவர் விளக்க ஆரம்பித்துவிடுவார்கள். வாரம் ஒருமுறை யார் என்ன செய்தார்கள் என்று மூன்று வரி எழுதி வைப்பதும் உதவும்.

இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடுமா?

நல்ல இன்டர்ன்ஷிப்புக்கு ஈடு கிடையாது. மோசமான இன்டர்ன்ஷிப் ஒரு சான்றிதழ் மட்டுமே.

இந்த யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. ஹெர்மன் ஷ்னைடர் 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்களை வகுப்பிலும் தொழிற்சாலையிலும் மாற்றி மாற்றி இருக்கவைத்தார். தொடங்கும்போது 27 பேர். 1957-ல் கனடாவில் தொடங்கிய வாட்டர்லூ பல்கலைக்கழகம் பொறியியல் படிப்பையே இந்த அடித்தளத்தில் கட்டியது. இரண்டிலும் கவனிக்க வேண்டியது, வேலை படிப்பின் கடைசியில் ஒட்டப்பட்ட வால் இல்லை என்பதுதான். மாணவர் வேலைக்குப் போகிறார், திரும்பி வகுப்புக்கு வருகிறார், மறுபடி போகிறார். வெளியே பார்த்ததை வகுப்பில் கேள்வியாகக் கொண்டுவர அவருக்கு இடம் கிடைக்கிறது. கடைசி செமஸ்டரில் அனுப்பி, அங்கிருந்தே பட்டமளிப்பு விழாவுக்குப் போகிற மாணவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதனால் குறைந்தபட்சம் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தில் அந்த மாணவரைக் கவனிக்க பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இருக்க வேண்டும். என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே ஒரு பக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வந்தபின் அதைப் பற்றிப் பேச, எழுத, வகுப்புப் பாடத்தோடு பொருத்திப் பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. ஊதியமில்லாத இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கினால், பகுதிநேர வேலை செய்து படிக்கும் மாணவர் அந்த வருமானத்தை இழக்கிறார். வேறு ஊருக்குப் போய்த் தங்க வசதியுள்ளவருக்கு நல்ல இடம் கிடைக்கிறது. வேலைத்திறனை வளர்க்கிறோம் என்று சொல்லி ஏற்கனவே இருக்கும் இடைவெளியை நாமே அகலப்படுத்திவிடக் கூடாது. அந்த மாணவர் ஏற்கனவே செய்யும் பகுதிநேர வேலையையே, சரியான வழிகாட்டலோடு, கிரெடிட்டுக்கு எடுத்துக்கொள்ள விதியில் இடம் வையுங்கள்.

இத்தனை பேரை அனுப்ப நிறுவனங்களுக்கு எங்கே போவது?

எல்லாரையும் வெளியே அனுப்ப முடியாவிட்டால் வெளியை உள்ளே கொண்டுவரலாம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 1969-ல் நோயாளியின் பிரச்சினையை முன்வைத்துச் சிறு குழுக்களில் கற்கும் முறையைத் தொடங்கியது. டென்மார்க்கில் 1974-ல் நிறுவப்பட்ட ஆல்போர்க் பல்கலைக்கழகம் ஒரு படி மேலே போய், மாணவர் நேரத்தில் பாதி அளவை ஒவ்வொரு செமஸ்டரும் குழுத் திட்டத்துக்கே ஒதுக்கியது.

அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. ஒரு நூலகம், ஒரு சிறு தொழில், ஒரு தொண்டு அமைப்பு ஆகியவற்றுக்கு உண்மையாகவே ஒரு பிரச்சினை இருக்கும், அதைத் தீர்க்க ஆள் இருக்காது. அதைக் கேட்டு வாங்கி வாருங்கள். முடிவைக் கேட்க அந்த ஆளே கடைசி நாளில் வகுப்புக்கு வர வேண்டும். ஆசிரியருக்காக எழுதும் அறிக்கைக்கும், காத்திருக்கும் ஒருவருக்காக எழுதும் அறிக்கைக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் பக்கத்திலேயே பார்ப்பீர்கள்.

தொழில்துறையினர் கேட்பதை அப்படியே பாடத்திட்டத்தில் போடலாமா?

கேளுங்கள், கவனமாகக் கேளுங்கள், ஆனால் அப்படியே போடாதீர்கள். அவர்களுக்குத் தேவை இந்த வருட ஆள். நீங்கள் இன்று சேர்க்கும் மாணவர் மூன்று நாலு வருடம் கழித்து வெளியே வருவார், அப்புறம் நாற்பது வருடம் வேலை செய்வார். இன்று எல்லாரும் கேட்கும் மென்பொருள் அப்போது இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பாடத்திட்டத்தை இரண்டு அடுக்காக வைத்துக்கொள்வது நல்லது. அடியில் மெதுவாக மாறும் கோட்பாடுகள். மேலே மெல்லிய ஒரு அடுக்கு, வருடா வருடம் மாற்றக்கூடிய கருவிகளும் உதாரணங்களும். தரவுத்தளக் கோட்பாடு அடியில் இருக்கட்டும், எந்த மென்பொருளில் பயிற்சி என்பது மேலடுக்கில் இருக்கட்டும். மேலடுக்கை மாற்றத் துறைக்கே அதிகாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெயரை மாற்ற இரண்டு வருடம் போகும்.

அப்புறம், ஆலோசனைக் குழுவுக்கு யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். பெரிய பதவியில் இருப்பவர்கள் பொதுவாகப் பேசுவார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை அன்றாடம் மேற்பார்வை செய்பவர்தான், “மின்னஞ்சலில் தேதியைக் குறிப்பிட மறக்கிறார்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் தயங்குகிறார்கள்” என்று சரியான இடத்தைத் தொடுவார்.

பல்கலைக்கழகம் என்ன தொழிற்பயிற்சி நிலையமா? அறிவுக்காகப் படிப்பது என்று ஒன்று இல்லையா?

இருக்கிறது, அதை நான் முழுமனதோடு நம்புகிறேன். சந்தேகப்படவும், ஆதாரம் கேட்கவும், கடினமான ஒன்றோடு நீண்டநேரம் உட்காரவும் கற்றுத்தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. வேலையிடத்தில் மிகவும் அபூர்வமாகக் கிடைப்பதும் அதே குணங்கள்தான். மான்ட்ஸ் யார்க், பீட்டர் நைட் என்ற இரண்டு கல்வி ஆய்வாளர்கள் வகுத்த மாதிரியில் பாட அறிவு, கைவரும் செயல்திறன், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, தன் சிந்தனையைத் தானே கவனிக்கும் பழக்கம் ஆகிய நாலும் சேர்ந்தவைதான் வேலைத்திறன். நல்ல கல்வியை விவரித்தாலும் இதே நாலைத்தான் சொல்வோம்.

வரலாறு, இலக்கியம், தத்துவம் போன்ற துறைகளில் என்ன செய்வது?

இந்தத் துறைகளுக்குப் புதிதாக எதையும் ஒட்டவைக்க வேண்டாம் என்பது என் கருத்து. உள்ளே நடப்பதை வெளியே தெரியும்படி செய்ய வேண்டும். ஒரே நிகழ்வைப் பற்றி முரண்படும் மூன்று ஆவணங்களை வைத்துக்கொண்டு எதை எவ்வளவு நம்பலாம் என்று முடிவு செய்யும் வரலாற்று மாணவர், தணிக்கை, இதழியல், கொள்கை ஆய்வு ஆகிய மூன்றுக்கும் அடிப்படையான வேலையைச் செய்கிறார். ஆனால் அவரைக் கேட்டால், “நான் வரலாறுதான் படித்தேன்” என்று குரல் தாழ்த்திச் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான் என்ன செய்தேன், எங்கே தடுமாறினேன், எப்படிச் சமாளித்தேன் என்று தான் செய்த ஒரு வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். ஆறு செமஸ்டரில் ஆறு பக்கம். நேர்முகத் தேர்வுக்கு முந்தைய இரவு அதை எடுத்து வாசிக்கலாம்.

ஏற்கனவே பாடத்திட்டம் நிரம்பி வழிகிறது. இடம் எங்கே?

நேரத்தைக் கணக்குப் போடுங்கள். ஐரோப்பிய கிரெடிட் முறையில் ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. அதாவது வருடத்துக்கு 1500 முதல் 1800 மணி. வகுப்பு, வீட்டுப்படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதற்குள்தான். உங்கள் முறை வேறாக இருந்தாலும் மாணவருக்கு ஒரு நாளில் இருக்கும் மணி ஒன்றுதான். ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுத்தே ஆக வேண்டும்.

எதை எடுப்பது? இரண்டு பாடத்தில் திரும்ப வருவதை முதலில். தேவைப்படும்போது பத்து நிமிடத்தில் தேடிப் படித்துக்கொள்ளக்கூடியதை அடுத்து. பிறகு, ‘எப்போதும் இருந்ததால்’ மட்டும் இருப்பதை. இந்த மூன்றாவதில்தான் கூட்டம் சூடாகும். ஒரு ஆசிரியர் இருபது வருடம் நேசித்துக் கற்பித்த அலகை எடுப்பது அவருக்கு வலிக்கும். அந்த வலியை மதித்துப் பேசுங்கள். எடுத்ததை விருப்பப் பாடமாக வைக்க முடியுமா என்று பாருங்கள். வாக்கெடுப்பில் தோற்கடித்தால் வகுப்பறைக்குள் பழையதே தொடரும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஒப்படைப்புகளுக்கு அர்த்தம் இருக்கிறதா?

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து, வீட்டில் எழுதி வரச்சொல்லும் கட்டுரை மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. தடைசெய்வதால் பெரிய பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வேலையிடத்திலும் இந்தக் கருவிகள் இருக்கத்தான் போகின்றன.

மதிப்பெண்ணை முடிவுப் பொருளிலிருந்து வழிக்கு நகர்த்துங்கள். வரைவுகள், விட்டுவிட்ட யோசனைகள், கருவி தந்த பதிலில் கண்டுபிடித்த தவறுகள், ஐந்து நிமிட வாய்மொழிக் கேள்வி. கருவி எழுதிய ஒரு பக்கத்தைக் கையில் கொடுத்து, “இதில் கையெழுத்துப் போடுவீர்களா? எந்த வரியைச் சரிபார்க்காமல் விடமாட்டீர்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். பாட அறிவு இல்லாதவரால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது.

ஆசிரியர்களுக்கே வெளியுலக வேலை அனுபவம் இல்லை என்கிறார்களே?

பலருக்கு இல்லை, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. விடுமுறையில் இரண்டு வாரம் ஒரு ஆய்வகத்திலோ அலுவலகத்திலோ உட்கார்ந்து பார்க்க ஆசிரியருக்கு ஊதியத்தோடு நேரம் கொடுங்கள். வெளியிலிருந்து வருபவரை ஒருநாள் உரைக்கு அழைப்பதைவிட, ஒரு புராஜெக்டை ஆசிரியரோடு சேர்ந்து மதிப்பிட அழைப்பது அதிகம் பயன் தரும். பணிச்சுமைக் கணக்கில் இதைச் சேர்க்காமல் ஆர்வத்தை மட்டும் எதிர்பார்த்தால் இரண்டாம் வருடமே நின்றுவிடும்.

அங்கீகார விதிகள் கையைக் கட்டிப்போடுகின்றனவே?

ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற நாடுகளும் ஏற்க, 1989-ல் ஆறு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டதாரி எதையெல்லாம் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்ற பட்டியலை அது முன்வைக்கிறது. குழுப்பணி, அறநெறி, தொடர்புத்திறன் எல்லாம் அதில் உண்டு. எந்த அலகை எந்த வாரம் நடத்த வேண்டும் என்று அதில் இல்லை. நம்மைக் கட்டுவது பெரும்பாலும் விதியின் மீது நாமே வளர்த்துக்கொண்ட படிவங்கள். விதியின் மூலத்தை ஒருமுறை உட்கார்ந்து வாசியுங்கள். அகமதிப்பீட்டுக் கேள்விகளும், ஆய்வகப் பயிற்சிகளும், புராஜெக்ட் தலைப்புகளும் பல இடங்களில் ஆசிரியர் கையிலேயே இருக்கின்றன.

மாற்றம் பலன் தந்ததா என்று எப்படித் தெரியும்?

பொறுமை வேண்டும். பிரிட்டனில் பட்டதாரிகளைப் பற்றிய தேசியக் கணக்கெடுப்பு முன்பு படிப்பு முடிந்து 6 மாதத்தில் நடந்தது, இப்போது 15 மாதம் கழித்து நடக்கிறது. 6 மாதத்தில் கிடைக்கும் படம் அரைகுறையானது. நீங்களும் வேலை கிடைத்ததா என்பதோடு நிறுத்தாமல், படித்தது பயன்படுகிறதா, எதை வேலையில் சேர்ந்த பிறகு புதிதாகக் கற்க வேண்டியிருந்தது என்றும் கேளுங்கள். சராசரியை மட்டும் பார்க்க வேண்டாம். குடும்பத்தில் முதல்முறையாகப் பட்டம் பெற்றவர்களுக்கு என்ன ஆனது என்று தனியாகப் பாருங்கள். பாடத்திட்டத்தைத் தவிர வேறு ஏணி இல்லாதவர்கள் அவர்கள்தான்.

நான் மாணவன். என் பாடத்திட்டம் பழையது, அதை மாற்றும் இடத்தில் நான் இல்லை. என்ன செய்யலாம்?

இந்த செமஸ்டரில் உள்ள ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பிடித்த பாடமாக இருந்தால் நல்லது. அதில் படித்ததை வைத்து, துறைக்கு வெளியே இருக்கும் ஒருவருக்குப் பயன்படும் சின்ன வேலை ஒன்றைச் செய்து முடியுங்கள். ஒரு கணக்கீட்டுத் தாளாக இருக்கலாம், இரண்டு பக்க ஆய்வாக இருக்கலாம். அதை அவரிடம் கொடுத்து, எது புரியவில்லை என்று கேட்டுத் திருத்துங்கள். முதல் வடிவத்தையும் கடைசி வடிவத்தையும் தேதி போட்டு ஒன்றாக வைத்திருங்கள். அப்புறம் உங்கள் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டி, இதை அடுத்த ஒப்படைப்பாக ஏற்றுக்கொள்வாரா என்று கேளுங்கள். எங்கள் துறையில் விடை தெரியாத மாதிரிகளை வைத்து ஆய்வகம் நடத்த ஆரம்பித்த பிறகு, இரண்டு மாணவர்கள் தங்கள் விடுதித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு இப்படித்தான் என் அறைக்கு வந்து நின்றார்கள். அடுத்த வருடத்திலிருந்து அதுவும் பயிற்சிப் பட்டியலில் இருக்கிறது.